கேள்வி அதைக் கேட்கவில்லை

அந்த மாணவனின் விடைக்கு ஆறு மதிப்பெண்ணில் இரண்டு போட்டது சரிதான் என்று இன்றும் என்னால் வாதிட முடியும். வாதிடும்போதெல்லாம் என் குரல்தான் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

சீனாவின் மஞ்சளாற்றுப் பகுதியில் நாகரிகம் தோன்றப் புவியியல் எப்படி உதவியது என்பது கேள்வி. மரக்கருவிக்கே இளகிக்கொடுக்கும் லோயஸ் மண், ஆறு பரப்பிய வண்டல், தினை விளைச்சல், மிஞ்சிய தானியம், அதனால் உழவு செய்யாத குயவனுக்கும் வெண்கலக் கொல்லனுக்கும் கிடைத்த சோறு. நாங்கள் எதிர்பார்த்தது இதைத்தான். அவன் எழுதியது வேறு: ஆறு அடிக்கடி ஊரை அழித்தது, தனியாக யாராலும் தடுக்க முடியாது, சேர்ந்து கரை கட்டினார்கள், வேலை வாங்க ஒரு தலைவன் வேண்டியிருந்தது, அப்படித்தான் அரசு வந்தது.

ஆசிரியர் அறை வாசலில் தாளோடு நின்றான். வகுப்பில் ஆங்கிலம்தான், தனியாகப் பேசும்போது என்னிடம் தமிழில் பேசுவான்.

“டீச்சர், ஆறு நல்லா இருந்ததாலயா, மோசமா இருந்ததாலயா?”

“கேள்வி அதைக் கேக்கலப்பா. எப்படி உதவுச்சுன்னுதான் கேட்டிருக்கு.”

“ஓகே டீச்சர்.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான்கு வகுப்புக்கும் ஒரே மதிப்பெண் வழிகாட்டி. ஒருவனுக்கு மட்டும் அதை வளைத்தால் மற்ற பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? அவன் மண்ணைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதும் உண்மை. தவிர, அவன் சொன்னது முடிந்த முடிவும் அல்ல. பெரிய நீர்ப்பணிகளை நடத்தத்தான் வலுவான அரசுகள் உருவாயின என்று வரலாற்றாய்வாளர் விட்ஃபோகல் 1957இல் வாதிட்டார். மெசபடோமியாவில் அரசுகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் சின்னச் சின்ன வாய்க்கால்களை வெட்டிக்கொண்டார்கள் என்று பின்னால் வந்த தொல்லியலாளர்கள் மறுத்தார்கள். ஆனால் இதையெல்லாம் நான் அன்று இரவுதான் தேடிப் படித்தேன். மதிப்பெண் போட்டபோது என் கையில் வழிகாட்டித் தாள் மட்டுமே இருந்தது.

அந்த விடைக்கு விதை போட்டவளும் நான்தான். மஞ்சளாற்றைச் ‘சீனத்தின் துயரம்’ என்பார்கள், வண்டல் படிந்து படிந்து படுகை உயர்ந்து கடைசியில் ஆறு வயல்களுக்கு மேலே ஓடும் என்று படம் வரைந்து காட்டினேன். வெள்ளத்தை அடக்கப் பதின்மூன்று ஆண்டு உழைத்த யூ, தன் வீட்டை மூன்று முறை கடந்தும் உள்ளே போகவில்லை என்ற பழங்கதையையும் சொன்னேன். மதிய வேளை, பிள்ளைகள் தூங்கிவிடக்கூடாதே என்று சொன்னது. நான் கதையாகச் சொன்னதை அவன் காரணமாக எடுத்துக்கொண்டான். காவிரியையும் தாய் என்றுதான் சொல்கிறோம். அவளுக்கும் கல்லணை வேண்டியிருந்ததே!

இந்த ஊரை வைத்து யோசித்தால் இன்னும் குழம்புகிறது. சிங்கப்பூர் ஆறு மூன்று கிலோமீட்டர் சொச்சம். வண்டல் சமவெளி கிடையாது. ஆனாலும் 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு துறைமுகம் இருந்ததற்கு ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984 முதல் கிடைத்த சீனப் பீங்கான்கள் சாட்சி. வடகிழக்குப் பருவக்காற்றில் சீனக் கப்பல்களும் தென்மேற்குக் காற்றில் இந்தியக் கப்பல்களும் வந்து சேரும் இடம் இது. ஆகவே புவியியல்தான் என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு, ஆங்கிலேயர் வந்த 1819 வரை ஏன் இந்தத் தீவு அவ்வளவாகப் பேசப்படவில்லை? காற்று மாறவில்லையே. ஒரு பாடத்தில் எல்லாவற்றையும் நிலம் தந்தது என்கிறோம். இன்னொன்றில் நிலம் ஒன்றும் தரவில்லை, மனிதர்கள்தான் உருவாக்கினார்கள் என்கிறோம். இரண்டையும் நடத்துவது நான்தான். அவன் கேட்டது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கேள்வி.

நின்று பேச ஐந்து நிமிடம் போதும். இரண்டு மதிப்பெண்ணை மாற்றாமலேயே பேசியிருக்கலாம். அன்று அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்று இதுவரை சொல்லி வந்தேன், உண்மையில் அடிக்கவில்லை.

ஆண்டிறுதித் தேர்வில் அதே கேள்வி சற்றே மாறி வந்தது. லோயஸ், வண்டல், தினை, உபரி என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே வரிசையில் எழுதியிருந்தான். ஆறுக்கு ஆறு போட்டேன். வெள்ளத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.