டியூப் வரும் வரை

மார்ச் 29
நான் கட்டிவரும் லேசர் பொறிப்பு மெஷினுக்கான டியூப் பார்சல் சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. டியூபைக் குளிர்விக்க வைத்திருக்கும் வாளித் தண்ணீர் பிற்பகலில் 31 டிகிரி.

மார்ச் 30
லேசர் கற்றையும் காற்றும் வெளியேறும் முனையான நாசிலுக்கு அலுமினியத் துண்டை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனேன். வெளிப்பக்கம் கூம்பாகவும் நுனியில் 3 மி.மீ. துளையுமாகக் கடைந்து, காற்றுக் குழாய் வந்து சேரும் பக்கவாட்டுத் துளைக்கு எம்5 டேப் (5 மி.மீ. மரை) போட்டுத் தர வேண்டும் என்று படம் வரைந்து காட்டினேன். அண்ணன் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இத்துனூண்டு ஓட்டை போதுங்களா?" என்று கேட்டார்.

போதும் என்றுதான் கணக்கு சொல்கிறது. லென்ஸின் குவிய தூரம் 50.8 மி.மீ.; அதன் மேல் வந்து விழும் கற்றை ஏறத்தாழ 6 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், பலகைக்கு 10 மி.மீ. மேலே நிற்கும் நாசில் நுனியைக் கடக்கும்போது அது 1.2 மி.மீ. அளவுக்குக் குறுகிவிட்டிருக்கும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாகக் காற்று இறங்கித் தீயை அணைக்கும், புகையும் லென்ஸ் பக்கம் ஏறாது. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் கற்றை துளையின் நடுவில் போனால்தான் செல்லும்.

ஏப்ரல் 1
நாசில் வந்துவிட்டது. உட்சுவரில் கடைசல் உளி போன தடம் நுண்ணிய சுருளாகத் தெரிகிறது, அதனால் பாதகமில்லை. துளையின் உள்விளிம்பில் மட்டும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பிசிறு இருந்தது. கற்றை அதில் உரசினால் பாதி சக்தி எங்கோ சிதறிப்போகும் என்பதால், நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுருட்டி உள்ளே விட்டு, விரல் வழுக்கும் வரை தேய்த்தேன்.

ஏப்ரல் 2
பார்சல் நகரவில்லை. தண்ணீர் 31.

ஏப்ரல் 4
தண்ணீரைப் பற்றி நான் அதிகமாக அலட்டிக்கொள்வதாக வீட்டில் சொல்கிறார்கள். இந்த டியூபுக்குள் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் ஆகிய மூன்று வாயுக்களும் கலந்திருக்கின்றன. மின்சாரம் முதலில் நைட்ரஜனைக் கிளர்த்துகிறது, அது மோதித் தன் ஆற்றலைக் கார்பன் டை ஆக்சைடுக்குக் கொடுக்கிறது, ஒளியை உமிழ்ந்தபின் கீழ்மட்டத்தில் தங்கிவிடும் மூலக்கூறுகளைக் காலிசெய்து வெப்பத்தைச் சுவருக்குக் கடத்துவது ஹீலியத்தின் வேலை. சுவரே சூடாக இருந்தால் அந்தக் கீழ்மட்டம் காலியாகாது. கற்றை பலவீனப்படும், டியூபின் ஆயுளும் குறையும். பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் பெல் ஆய்வகத்தில் இந்த லேசரை முதன்முதலில் இயக்கிக் காட்டினார். கோயம்புத்தூரின் சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஒரு வாளித் தண்ணீரை நம்பி இது ஓடும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

உறைந்த தண்ணீர் பாட்டிலை வாளிக்குள் போடலாம் என்பது எல்லோரும் சொல்லும் வழி. அரை மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் ஏறும். வேலை நடுவில் வெப்பம் ஏறி இறங்கினால் பொறிப்பின் கருமையும் கூடிக் குறையும், முகத்தைப் பொறித்தால் ஒரு கன்னம் வெளுத்துப்போகும்.

ஏப்ரல் 5
உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாட்டர் கூலர் கிடைத்தது. கம்ப்ரஸர் ஓடுகிறது. உள்ளே இருக்கும் எவர்சில்வர் தொட்டியின் வெளிப்புறத்தில் செம்புக் குழாய் சுற்றியிருப்பதால், தொட்டியையே அப்படியே வைத்துக்கொண்டு வாளியை ஒழித்துவிடலாம். அதன் சொந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட வேண்டும். குடிப்பதற்கான குளிர்ச்சிக்குப் போனால் டியூபின் மேல் வியர்த்துவிடும், பல ஆயிரம் வோல்ட் ஓடும் முனைக்குப் பக்கத்தில் ஈரம் ஆகவே ஆகாது. 22 டிகிரியில் ஓடத் தொடங்கி 20இல் நிற்கும்படி டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றை மாட்டினேன். இரண்டு கேன் பேட்டரி தண்ணீர் ஊற்றினேன். குழாய்த் தண்ணீரின் உப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

தண்ணீர் 21. தண்ணீர் 21. தண்ணீர் 21. இரவு பதினொரு மணிக்கும் 21தான்.

ஏப்ரல் 8
விடுமுறைக்குப் பாப்பா வரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து மெஷின் மூடியின் பாதுகாப்பு சுவிட்சைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. இந்த லேசரின் 10.6 மைக்ரான் அலைநீளம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இமையை மூடச் சொல்லும் எச்சரிக்கையும் கிடையாது. விழியின் முன்படலம்தான் முதலில் வெந்துபோகும். மூடியின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, அவற்றோடு தண்ணீர் ஓட்டத்தைக் கவனிக்கும் சுவிட்சையும் தொடராக இணைத்திருக்கிறேன். மூன்றில் ஒன்று விட்டாலும் பவர் சப்ளைக்கு அனுமதி போகாது. பார்வைச் சாளரத்துக்குத் தெளிந்த அக்ரிலிக்கே போதும், இந்த அலைநீளத்துக்கு அது சுவர்தான். நீல டயோடு லேசர் வைத்திருப்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது. அவர்களுடைய ஒளி தெளிந்த அக்ரிலிக்கைத் தாராளமாகக் கடந்து வரும்.

ஏப்ரல் 9
மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். இடது சுவிட்சின் டிக் ஒலி வலதைவிடச் சற்றுப் பிந்தி வருகிறது.

ஏப்ரல் 11
எதிர்வீட்டு அக்கா ரெக்ஸின் துண்டுகளைக் கொண்டுவந்து, மெஷின் தயாரானதும் பர்ஸுகளில் பெயர் பொறித்துத் தர முடியுமா என்று கேட்டார். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ரெக்ஸினில் தொட்டு, மீண்டும் அடுப்புச் சுடரில் காட்டினேன். பச்சைச் சுடர், கிளிப்பச்சை. அதில் குளோரின் இருக்கிறது, பிவிசிதான். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது நுரையீரலையும் விடாது, மெஷினின் இரும்புத் தண்டவாளங்களையும் விடாது. அக்காவுக்கு வருத்தம்தான். நல்ல தோல் கொண்டுவந்தால் காசு வாங்காமல் செய்து தருவதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 13
மேடையின் நான்கு திருகுகளையும் மாற்றிவிட்டேன். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும் திருகுகள் வேகமானவை என்றாலும், பாரம் வைத்தால் மேடை தானாகவே இறங்கிவிடுகிறது. 2 மி.மீ. ஏறுபவை மெதுவானவை, ஆனால் வைத்த இடத்தில் நிற்கின்றன.

ஏப்ரல் 14
புத்தாண்டு. பட்டறை திறக்கவில்லை, பார்சல் நகரவில்லை, தண்ணீர் 21.

ஏப்ரல் 17
வந்துவிட்டது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. டியூபை ஜன்னல் ஒளியில் பிடித்து, உள்குழாய் வெளிக்கூட்டோடு சேரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கீறல் இல்லை. கவ்விகளில் ரப்பர் வைத்துக் கையிறுக்கமாக மட்டும் திருகினேன். தண்ணீர் விட்டதும் கண்ணாடி முனைக்குப் பின்னால் பட்டாணி அளவு குமிழி ஒன்று மாட்டிக்கொண்டது. தண்ணீர் வெளியேறும் முனை மேலே வரும்படி டியூபைச் சுற்றி, பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டிய பிறகே அது போயிற்று. அந்த இடத்தில் குமிழி நின்றால் கண்ணாடி வெடித்துவிடும்.

ஏப்ரல் 18
முதல் பொறி. மாஸ்கிங் டேப்பில் பழுப்புப் புள்ளி.

ஏப்ரல் 19
புள்ளி நடுவில் விழ வேண்டும் என்று துரத்துவது வீண். தலைப்பகுதி அருகில் இருக்கும்போதும் தொலைவில் இருக்கும்போதும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்தால் கற்றை தண்டவாளத்துக்கு இணையாகப் போகிறது என்று பொருள், நடுவுக்குக் கொண்டுவருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கற்றையைத் திருப்பிவிடும் முதல் கண்ணாடியின் திருகைக் கால் சுற்று திருப்பியதும் இடது ஓரம் முழுவதும் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்துவிட்டன. வலது முன்மூலையில் மட்டும் 2 மி.மீ. கீழே இறங்குகிறது. கண்ணாடிகள் சரியாகத்தான் நிற்கின்றன. குறுக்குத் தண்டவாளமே முறுக்கியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். நாளை காலை அதைக் கழற்றி, பட்டறை அண்ணனின் சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதளம் பார்க்கும் பலகை) வைத்துப் பார்க்க வேண்டும். பாப்பா சனிக்கிழமை வருகிறாள், இடது சுவிட்சையும் பார்த்துவிட வேண்டும்.