1931க்கும் 1947க்கும் இடையில்

எங்கள் தமிழ்ப்பள்ளி நூற்றாண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நூறு வருஷத்தில் மலேசியாவின் மக்கள்தொகை எப்படி வளர்ந்தது, அதில் இந்தியர்களான நாம் எத்தனை பேர் என்பதுதான் விஷயம். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாதம் ஆனது.

ஐநா பட்டியல் 1950இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் போக பொருளாதார வரலாற்று ஆய்வாளர் ஆங்கஸ் மேடிசன் தொகுத்த கணக்கு உண்டு; 1820க்கே மலேசியாவுக்கு ஓர் எண் தருகிறது. 1820இல் மலேசியா ஏது? இன்றைய எல்லைக்குள் அன்று இத்தனை பேர் இருந்திருக்கலாம் என்ற மதிப்பீடு அது. எனக்கு வேண்டியதோ தலை எண்ணிய கணக்கு.

சரி என்று கோலாலம்பூரில் ஆர்கிப் நெகாரா என்ற தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய அறிக்கைகளைத் தேடினேன். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1871இலேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். மலாயா முழுவதையும், அதாவது இன்றைய தீபகற்ப மலேசியாவையும் சிங்கப்பூரையும், ஒன்றாக எண்ணியது 1921இல். அப்புறம் 1931. 1941இல் நடக்க வேண்டியது போரினால் நின்றுபோய், 1947க்குத் தள்ளிப்போனது.

1931இல் இந்தியர் ஏறத்தாழ 6.2 லட்சம், 1947இல் 5.3 லட்சம். வரைபடம் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "90,000 பேர் குறைஞ்சாங்களா? சிங்கப்பூரை எங்கேப்பா விட்டே?" என்று கேட்டார்.

அதுதான் பிழை. முதல் எண்ணில் சிங்கப்பூர் உண்டு. 1946இல் அது தனியாகப் பிரிந்துவிட்டதால், நான் எடுத்த 1947 எண் சிங்கப்பூர் நீங்கலான மலாயாவுக்கு மட்டுமானது. சிங்கப்பூரையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 6 லட்சம். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் எந்த எல்லை என்று எழுதாமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

திருத்திய பிறகும் மனசு ஆறவில்லை. அதே 16 வருஷத்தில், சிங்கப்பூரையும் சேர்த்து, மொத்த மக்கள்தொகை சுமார் 44 லட்சத்திலிருந்து 58 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாம் மட்டும் குறைந்திருக்கிறோம். ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் உடலுழைப்பாளர்களை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு தடுத்தது. அப்புறம் சயாம் மரண ரயில்; போர்க்காலத்தில் ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட ரயில் பாதை. என் தாத்தாவின் அண்ணன் அங்கே போனவர்தான், திரும்பவில்லை.

வரைபடத்தில் 1931ஐயும் 1947ஐயும் ஒரு கோட்டால் இணைத்துவிடச் சொன்னார்கள், பார்க்க அழகாக இருக்குமாம். நான் சம்மதிக்கவில்லை. 1941க்கான இடம் மலரில் காலியாகவே அச்சாகியிருக்கிறது.