இடது முட்டி

19 மே 2024, ஞாயிறு
கபடியில் ரெய்டு போய் போனஸ் எடுத்துத் திரும்பினேன். ஒருத்தனும் என்னைத் தொடவில்லை. இடது கால் மண்ணில் ஊன்றியது ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் 'டப்'. கார்னரில் நின்றவனுக்கே கேட்டதாம். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது.

6 ஜூன்
எண்ணெய்க்கட்டு போட்டதில் வீக்கம் வடிந்தது. சுளுக்குதான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இன்று பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பும்போது முட்டி நழுவி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

14 ஜூன்
ஸ்கேனைப் பார்க்கும் முன்பே டாக்டர் முட்டியை லேசாக மடக்கி, முழங்காலுக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்தார். நல்ல காலில் டக்கென்று ஒரு பிடி இருந்தது. இதில் இழுக்க இழுக்க வந்தது. "முட்டிக்குள்ள எலும்புகளைப் பிடிச்சிருக்கிற ஏ.சி.எல். ஜவ்வு போயிருச்சு தம்பி." எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் அப்படி வீங்கினால், பெரும்பாலும் உள்ளே ரத்தம் கசிந்திருக்குமாம். அன்றைக்கே தெரிந்திருந்தால் எண்ணெய்க்குப் போயிருக்க மாட்டேன். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, தொடையைப் பலமாக்கியே சமாளிப்பவர்கள் உண்டு என்றார். "திரும்பக் கபடி ஆடணுமா?" தலையாட்டினேன்.

24 ஜூலை
முந்தாநாள் ஆபரேஷன். முதுகில் ஊசி, முழித்துக்கொண்டுதான் இருந்தேன். அறுந்ததையே தைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என் தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்து, மடித்துத் திரித்து, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

29 ஜூலை
குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கட்டிலோடு அழுத்தச் சொன்னார் பிசியோ அக்கா. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டார், மடங்கினபடியே இறுகிப்போனால் நொண்டல் தங்கிவிடுமாம். தொடையை இறுக்கு என்கிறார், எவ்வளவு முக்கினாலும் அது யாருடைய தொடையோ மாதிரிக் கிடக்கிறது. அரை மணி நேரம் கழித்து முட்டிச்சில்லு ஒரு நூல் மேலே நகர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா அடுப்ப விட்டுட்டு வரச் சொன்ன?"

12 செப்டம்பர்
வலியில்லை, படி ஏறுகிறேன். அக்காவுக்கு இப்போதுதான் கவலை. வைத்த நார் உயிர்பிடித்து ஜவ்வாக மாற மாசக்கணக்கில் ஆகும். நடுவில், அதாவது இந்த வாரங்களில், வைத்த அன்று இருந்ததைவிடப் பலம் குறைந்திருக்குமாம். ஓடக் கூடாது, பைக்கை உதைக்கக் கூடாது.

16 ஜனவரி 2025, காணும் பொங்கல்
ஊரில் போட்டி. போன வாரம் டேப் வைத்து அளந்ததில் இடது தொடை இன்னும் 2 செ.மீ. இளைப்பு. ஒற்றைக்காலில் தாவினால் வலது கால் போகும் தூரத்தில் முக்கால்வாசிதான் வருகிறது. 90 சதவீதமாவது வரணும், 9 மாசமும் முடியணும், அதுவரை களத்துப் பக்கமே போகாதே என்றார் அக்கா. மாமா ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார். எங்கள் பையன் ஒருத்தன் கோட்டைத் தொட்டு, அதே மாதிரி காலை ஊன்றித் திரும்பினான். என் கை முட்டிக்குப் போய்விட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாயிண்டை எழுத மறந்து, மாமாவிடம் திட்டு வாங்கினேன்.