முதல் லென்ஸ் 50-ஆ, 24-ஆ? டேப் ஒட்டிப் பார்த்த இரண்டு வாரம்

கேமரா கைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கேனன் 200டி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ் (இந்த எண்கள் எம்எம் கணக்கில் குவியத் தூரம்; எண் சிறிதானால் காட்சி அகலம், பெரிதானால் நெருக்கம்). இந்த நான்கு மாதத்தில் இரண்டு லென்ஸ் வாங்கினேன், ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன், சோவியத் காலத்து லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். குறைந்த செலவில் முதல் லென்ஸ் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றுவதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு இருந்த பிரச்சினை வீட்டுக்குள், சாயங்கால நேரத்தில். அண்ணன் மகளுக்கு நாலு வயது, ஓரிடத்தில் உட்கார மாட்டாள். டியூப் லைட் வெளிச்சத்தில் 55 வரை ஜூம் செய்து எடுத்தால், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 3200 வைத்தும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/20 வினாடிதான் கிடைத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிள்ளையின் முகமும் கையும் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். என் கைதான் ஆடுகிறது என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன்: பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரின் எண்கள் அத்தனை கூர்மையாக இருந்தன. கை ஆடியிருந்தால் காலண்டரும் சேர்ந்து கலங்கியிருக்க வேண்டுமே. கிட் லென்ஸில் இருக்கிற ஐஎஸ் என்கிற வசதி நம் கையின் ஆட்டத்தைத்தான் சரிசெய்யும், எதிரில் ஓடுகிற பிள்ளையை அது நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், ஷட்டர் வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

இங்கேதான் எஃப் எண் எனக்குச் சரியாகப் புரிந்தது. குவியத் தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 55-இல் எஃப் 5.6 என்றால் திறப்பின் விட்டம் 10 எம்எம்கூட இல்லை. 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 என்றால் கிட்டத்தட்ட 28 எம்எம். உள்ளே வருகிற வெளிச்சம் பரப்பைப் பொறுத்தது, அதனால் 5.6-க்கும் 1.8-க்கும் நடுவில் ஒன்பதரை மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அதே அறை, அதே விளக்கு, அதே 3200, ஆனால் 1/20 இருந்த இடத்தில் 1/200-க்குப் பக்கத்தில் கிடைக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே 50 எஃப் 1.8 வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எல்லோரும் சொல்வதும் அதைத்தான்.

நண்பனின் அண்ணன் ஒருவர் பல வருடமாகப் படம் எடுப்பவர். "அம்பதை வாங்கலாமாண்ணே?" என்று கேட்டேன். "வாங்கு தம்பி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வாரம் கிட் லென்ஸை அம்பதுல வச்சு டேப் ஒட்டிடு. உனக்கு மூச்சு முட்டலைன்னா வாங்கு" என்றார். இந்த நான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல யோசனைகளில் இதுதான் முதல் இடம், செலவும் கிடையாது.

பிய்த்தால் பசை தங்காத பேப்பர் டேப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். ஜூம் வளையத்தை 55-க்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, ஒரு படம் எடுத்து, அதன் விவரத்தில் 50 என்று வருகிறதா என்று பார்த்து ஒட்டினேன். முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் கூடத்தின் நீளம் மூன்றரை மீட்டர். இந்தக் கேமராவின் சென்சார் 22.3-க்கு 14.9 எம்எம், அதாவது ஏபிஎஸ்-சி அளவு, கேனனில் இதற்கு 1.6 மடங்கு என்பார்கள், 50 என்பது பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 80 போட்ட மாதிரிக் காட்சியைத்தான் தரும். நிற்கிற ஒரு பெரிய ஆளைத் தலை முதல் கால் வரை கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுக்க ஏறக்குறைய 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால்கூட 4 மீட்டர். முதுகு சுவரில் முட்டுகிறது, பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்தால் கால் வெட்டுப்படுகிறது. அவள் என்ன வரைகிறாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் படத்துக்குள் வரவே இல்லை. மூச்சு முட்டியது உண்மை.

இரண்டாம் வாரம் டேப்பை 24-க்கு மாற்றினேன். அதே ஆளுக்கு இப்போது 3 மீட்டருக்குள் போதும். கூடத்தில் நின்றபடி பிள்ளை, கிரேயான் டப்பா, அவளுக்குத் தாள் எடுத்துக் கொடுக்கிற அப்பா, மூன்றும் ஒரே படத்தில் வந்தன. எனக்கு இதுதான் பிடித்திருந்தது, சந்தேகமே இல்லை.

சரி, 24-ஐயே வாங்கிவிடலாமே என்றால் அங்கே வெளிச்சக் கணக்கு இடிக்கிறது. கேனனின் இஎஃப்-எஸ் (ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான வரிசை) 24 எம்எம் லென்ஸ் எஃப் 2.8. கிட் லென்ஸே 24-இல் எஃப் 4-ஐ ஒட்டித் திறக்கும், ஆக எனக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மடங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோதான். பிள்ளை ஓடுவதை நிறுத்த அது போதாது. நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு: 2009-இல் வந்த டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வேலையையும் ஓரளவு பார்க்கிறது, விலையும் பயமுறுத்தாது. கேனன் இஎஃப்-எஸ் மவுண்ட்டில் (லென்ஸ் கேமராவோடு இணையும் வாய்) அப்படி ஒரு 35 எஃப் 1.8 கிடையாது. நிக்கான்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 எஃப் 1.8டி வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

முடிவெடுக்க இன்னொரு வேலை செய்தேன். கிட் லென்ஸில் அதுவரை எடுத்த எல்லாப் படங்களையும் கணினியில் குவியத் தூரப்படி வரிசைப்படுத்தினேன். இரண்டு குவியலாகப் பிரிந்தன. 18-க்கும் 28-க்கும் நடுவில் ஒரு குவியல், கடைசி எல்லையான 55-இல் ஒரு குவியல், நடுவில் மிகக் குறைவு. 55-இல் முட்டி நிற்கிறதே, அப்படியானால் எனக்கு வேண்டியது தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் டெலிஃபோட்டோவோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் குவியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பறவையும் இல்லை, தூரத்து மலையும் இல்லை. பெரும்பாலும் முகங்கள், ஜன்னல் ஓரத்தில், உட்கார்ந்திருக்கிற முகங்கள். நான் எட்டிப் பிடிக்க முயன்றது தூரத்தை அல்ல, ஆளின் பின்னால் இருக்கிற சாமான்களை மறைக்கத்தான் ஜூம் செய்திருக்கிறேன். அதற்கு 55-250 தேவையில்லை, அகலமாகத் திறக்கிற 50 போதும். ஆகவே முதலில் 50, பிறகு பணம் சேர்ந்ததும் 24. (பறவைதான் உங்கள் ஆசை என்றால் நேராக 55-250 எஸ்டிஎம் பக்கம் போங்கள் (எஸ்டிஎம் என்பது சத்தம் குறைந்த ஃபோகஸ் மோட்டார்), 375 கிராம்தான் எடை, தொடக்கத்துக்கு நிறைவானது.)

50 எஃப் 1.8 எஸ்டிஎம், 2015-இல் வந்த மாடல், புதிதாகவே வாங்கினேன். 160 கிராம், உலோக மவுண்ட். இதற்கு முந்தைய இரண்டாம் பதிப்பு 1990-இல் வந்தது, பழையதாக இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பிளாஸ்டிக் மவுண்ட், ஃபோகஸ் மோட்டார் சத்தம் அதிகம், 45 செ.மீ.க்குள் நெருங்க முடியாது. புதியதில் 35 செ.மீ. வரை போகலாம். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் புதியதே நல்லது.

முதல் மூன்று நாள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வீண். அப்பா ஜன்னல் ஓரம் பேப்பர் படிப்பதை எஃப் 1.8-இல் எடுத்தேன். கேமரா திரையில் அழகாக இருந்தது, கணினியில் பெரிதாக்கினால் மூக்குக் கண்ணாடியின் சட்டம் பளிச்சென்று இருக்கிறது, சட்டத்தின் ஓரத்தில் இருக்கிற சிறு திருகுகூடத் தெரிகிறது, கண் இமை மட்டும் பஞ்சாக இருக்கிறது. லென்ஸ் கோளாறு இல்லை. 1 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே இரண்டரை செ.மீ. அளவுதான், 35 செ.மீ. நெருக்கத்தில் அது 3 எம்எம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சட்டத்துக்கும் கண்ணுக்கும் இடையே அந்த இடைவெளி தாராளமாக இருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவிடம் விடாமல் ஒன்றை மட்டும் நானே தேர்ந்தெடுக்கிறேன், நேரம் இருந்தால் லைவ் வியூ (பின்திரையில் காட்சி) போட்டு கண்ணின் மேல் விரலால் தொடுகிறேன். அப்புறம், ஆள் உட்கார்ந்திருந்தால் எஃப் 2.8-க்கு மூடிவிடுகிறேன். ஆழம் 4 செ.மீ. ஆகிறது, படமும் 1.8-இல் இருப்பதைவிடக் கூர்மை, கறுப்புக் கிளைகளின் ஓரத்தில் வருகிற ஊதா நிறக் கோடும் அடங்குகிறது. ஷட்டர் 1/200-இலிருந்து 1/80-க்கு இறங்கும், இந்த லென்ஸில் ஐஎஸ் இல்லாததால் 1/80-தான் நான் கையில் பிடித்து நம்புகிற கடைசி எல்லை. பிள்ளை எழுந்து ஓடினால் உடனே திரும்ப 1.8.

இரண்டாம் லென்ஸ் பழையதாக வாங்கினேன், இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் பார்த்த 24 எஸ்டிஎம் வெளியே புத்தம் புதிதாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. டார்ச்சை அடித்துப் பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும், உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில், சிலந்தி நூலைக் கிள்ளி வைத்த மாதிரி மெல்லிய வெண்ணிறக் கிளைகள். "அது தூசிங்க, படத்துல வராது" என்றார் விற்றவர். தூசி புள்ளி புள்ளியாக இருக்கும், அது படத்தில் வராது என்பதும் உண்மைதான். கிளை விட்டுப் பரவுவது பூஞ்சை. ஈரத்தில் அது வளரும், கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும், வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளிறும். இவ்வளவு சிறிய எஸ்டிஎம் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்கிற செலவுக்கு இன்னொரு லென்ஸே வாங்கலாம். வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து இன்னொருவரிடம் பார்த்தது சுத்தமாக இருந்தது. அதைக் கேமராவில் மாட்டி எஃப் 11, 2 வினாடி வைத்து ஷட்டரை அழுத்திவிட்டு முன்னாலிருந்து பார்த்தேன், அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) இதழ்கள் எண்ணெய்க் கறை இல்லாமல் சட்டென்று மூடித் திறந்தன. பக்கத்திலும் தூரத்திலும் மாறி மாறி ஃபோகஸ் செய்தேன். கடைசியாக ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எஃப் 2.8-இல் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட்டேன், ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், இதில் நான்கும் ஒரே மாதிரி இருந்தன. 125 கிராம், தடிமன் 23 எம்எம்தான், 16 செ.மீ. வரை நெருங்கலாம். பகலில் இப்போது இதுதான் கேமராவிலேயே இருக்கிறது.

இரவல் லென்ஸ் ஹீலியோஸ் 44-2, 58 எம்எம் எஃப் 2, எம்42 என்கிற திருகு மவுண்ட். கேனனில் ஒரு மெல்லிய உலோக வளையம் போட்டால் மாட்டிவிடலாம். காரணம், எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 எம்எம் தள்ளி உட்கார வேண்டும், கேனன் இஎஃப் மவுண்ட்டின் தூரம் 44 எம்எம், நடுவில் வளையத்துக்கு இடம் இருக்கிறது. நிக்கான் எஃப் மவுண்ட் 46.5 எம்எம் என்பதால் லென்ஸ் ஏற்கெனவே தள்ளிப்போய்விடுகிறது, கண்ணாடி வைத்த வளையம் இல்லாமல் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. எல்லாமே கையால்தான்: லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி வளையத்தைத் திருப்ப வேண்டும். பின்னணி சுழல்வது போல வரும் என்று பேர்போன லென்ஸ் இது, ஆனால் அந்தச் சுழல் ஓரங்களில்தான் பலமாக இருக்கும், ஏபிஎஸ்-சி சென்சார் ஓரங்களை வெட்டிவிடுவதால் எனக்குக் கொஞ்சமே கிடைத்தது. இலைகளை, செருப்பை, மேசையை எடுக்க மிகவும் பிடித்தது. ஓடுகிற பிள்ளைக்கு ஆகாது.

லென்ஸின் முன்னால் திருகுகிற வைட் கன்வெர்ட்டர் ஒன்றையும் நண்பர் கொடுத்தார், ஓரமெல்லாம் கரைந்துவிட்டது, வாங்க வேண்டாம். மலிவான யூவி ஃபில்டரும் விளக்குக்கு எதிரே பச்சைப் பேய்ப்புள்ளி விடுகிறது, அந்தக் காசில் ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க லென்ஸ் முன்னால் மாட்டுவது) வாங்கினேன். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போகப் போகிறோமே, இந்த லென்ஸ் எல்லாம் வீணா என்று கேட்பவர்களுக்கு: இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் கேனனின் அடாப்டர் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்கின்றன.

இந்த வாரம் 50-க்குப் பின்னால் 25 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டுப் பார்க்கிறேன். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் இடைவெளிதான், மின்தொடர்பு உள்ளதாக வாங்கினால் அபெர்ச்சர் கேமராவிலிருந்தே மாறும். லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் வைத்தாலே நான்கரை செ.மீ. அகலமுள்ள பொருள் படம் முழுக்க நிறைகிறது. அண்ணன் மகள் கடித்து வைத்த கிரேயான் நுனியை எஃப் 8-இல் எடுத்தேன், பல் பதிந்த தடம் மூன்றும் தெரிகிறது, நான்காவது மட்டும் இன்னும் ஃபோகஸுக்கு வெளியே நிற்கிறது. நாளைக்கு ஸ்டாண்டில் வைத்து எஃப் 11-இல் திரும்ப எடுக்க வேண்டும்.