பின்சக்கரத்துக்குக் கவர்: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 6

பக்கத்துத் தெருத் தம்பி பின்சக்கரத்தைக் கழற்றிக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்.

"அண்ணா, கார்பன் டிஸ்க் வீல் விலைக்குப் புது ஸ்கூட்டரே வாங்கிடலாம். நீங்க ஒரு கவர் போட்டுக் குடுங்களேன்."

டிஸ்க் வீல் என்பது கம்பிகளுக்குப் பதில் முழுத் தட்டாகவே செய்த சக்கரம். கவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. போக்ஸ் கம்பிகளை இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டால் மூடிவிடுவது. வெளிநாட்டில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. வரவழைத்தால் கூரியரும் சுங்கமும் சேர்ந்து கடித்துவிடும் என்பதால், ஷீட் வாங்கி நாமே வெட்டுவதென்று பேசிக்கொண்டோம்.

கூட வந்திருந்த அவன் அம்மாவுக்குச் சந்தேகம். சும்மா சுற்றும் கம்பியை எதற்கு மூட வேண்டும்? சைக்கிள் மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும்போது சக்கரத்தின் உச்சி 72 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாய்கிறது என்றேன். தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகிவிடும். ஆகவே மேலே வரும் ஒவ்வொரு கம்பியும் காற்றைக் கலக்கிக் காலின் உழைப்பைத் தின்கிறது. தட்டு போட்டால் அந்தக் கலக்கல் நிற்கும்.

"அப்போ இவன் உடம்பு காற்றைத் தடுக்காதா?"

தடுக்கும். மொத்தத் தடையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஓட்டுகிறவரின் உடம்புதான்.

"அப்படின்னா முதல்ல இவனை ஒழுங்கா குனிஞ்சு ஓட்டச் சொல்லுங்க."

சரியான பேச்சு. தம்பி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 9

கவருக்கு முன்னால் கோட்டம் எடுக்க வேண்டும். மூடிய பிறகு கம்பியை இறுக்கும் நிப்பிளைத் திருப்ப வழியில்லை. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான். இடது பக்கத்தில் சில கம்பிகள் தளர்ந்திருந்தன. பின்சக்கரத்தில் எப்போதும் அப்படித்தான். கேசட்டுக்கு, அதாவது பின்னால் இருக்கும் பற்சக்கர அடுக்குக்கு, இடம் விட்டு வலது பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், விறைப்பும் அதிகம். இடது பக்கம் சரிந்து, கொஞ்சம் சோம்பலாக இருக்கும். இந்த இடம் வலம் வித்தியாசம்தான் கவர் வேலையின் கழுத்தறுப்பு.

செப்டம்பர் 13

பாரிமுனையில் அரை மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஷீட் கிடைத்தது. கடைக்காரர் சன்போர்டு என்ற நுரை அட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது சாலையின் முதல் பள்ளத்திலேயே மடிந்துவிடும். பாலிகார்பனேட் வளையும், உடையாது. இரண்டு தட்டும் சேர்ந்து 350 கிராம் அளவில்தான் வரும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ரிம் பிரேக் சக்கரம் என்பதால், பிரேக் கட்டை உரசும் பட்டைக்குக் கொஞ்சம் முன்பே தட்டு முடிந்துவிட வேண்டும். ரிமின் மேல் ஒரு சென்டிமீட்டர் படிந்தால் போதும். மையத்திலிருந்து 303 மில்லிமீட்டர் வந்தது.

தட்டையான வட்டத்தை அப்படியே வைத்தால் உட்காராது. கம்பிகள் நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து ரிமுக்குச் சரிவாக இறங்குவதால், தட்டும் மிகத் தாழ்ந்த கூம்பாக வேண்டும். விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு கோடு கிழித்து, ஒரு ஓரத்தின் மேல் மறு ஓரத்தை ஏற்றினால் கூம்பு வந்துவிடும். எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் கேள்வி. இந்தச் சக்கரத்தின் இடது பக்கம் ரிம் விளிம்பிலிருந்து ஹப் வரை 26 மில்லிமீட்டர் உயரம், வலது பக்கம் வெறும் 8. கணக்குப்படி இடது தட்டின் ஓரம் விளிம்பருகே 8 மில்லிமீட்டர் ஏற வேண்டும். வலது தட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. இரண்டையும் ஒரே அளவில் வெட்டி ஒட்டினால், வலது பக்கத்துத் தட்டு நடுவில் உப்பிக்கொண்டு கேசட்டின் பெரிய பல்லில் போய் உரசும்.

செய்தித்தாளில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷீட்டில் கத்தி வைத்தேன்.

செப்டம்பர் 14

முழுநாள் வேலை. கேசட்டைக் கழற்றி, ரிமை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கை பட்ட எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் டேப் பிடிக்காது. ரிமில் சுற்றிலும் மெல்லிய இருபக்க டேப், அதன்மேல் தட்டு. பாதித் தூரத்தில் அங்கங்கே இரட்டைத் துளை போட்டு, சின்ன கேபிள் டையால் தட்டைக் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். விளிம்பில் மட்டும் பிடித்தால் தட்டு நடுவில் படபடக்கும். டையின் தலை உள்பக்கம் போகாது, வெளியே துருத்தும். மிச்ச வாலை ஒட்ட நறுக்கி, மேலே டேப் போட்டு மூடினேன்.

வலது பக்கம் நடுத்துளைதான் அதிக நேரம் பிடித்தது. பெரிய பல்லுக்கும் கம்பிக்கும் இடையில் சில மில்லிமீட்டர்தான் இடம். கேசட்டைத் திரும்பப் பூட்டி, மிகக் குறைந்த கியரில் செயினைப் போட்டுக் கையால் சுற்றினேன். சத்தமில்லை. சற்று அழுத்திப் பார்த்தேன், அப்போதும் இல்லை.

வால்வுக்கு இடது தட்டில் இரண்டு விரல் நுழையும் துளை. பம்பின் தலை நேராக நுழையாது. கோண அடாப்டர் வேண்டும். காற்றடித்த பிறகு துளையை டேப்பால் மூடிவிட வேண்டும்.

கடைசியாக விளிம்பைச் சுற்றி வினைல் டேப், சுருக்கமே இல்லாமல். தட்டு எந்தப் பிளாஸ்டிக் என்பதைவிட இந்த ஓரம் எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

செப்டம்பர் 21

விடியற்காலை ஈ.சி.ஆர். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் பக்கமாகத் தம்பி சைக்கிளில், நான் பைக்கில் பின்னால். தட்டு சத்தம் போடுகிறது. பெடலை அழுத்தும்போதெல்லாம் ஊம்... ஊம்... என்று ஒரு முழக்கம். நடைப்பயிற்சியில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி நின்று பார்த்தார். தம்பிக்கு அதிலேயே பாதி வேகம் வந்துவிட்டது.

இந்தச் சாலை வடக்கு தெற்காகப் போவதால், தெற்கே போகும்போது காலையில் தரைக்காற்று வலப்பக்கமாக அடிக்கும்; மதியத்துக்குக் கடற்காற்று வந்துவிட்டால் இடப்பக்கமாக. வீடுகளும் மரங்களும் மறைக்கும்வரை தெரியாது. முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும் தெரிந்துவிடும். அங்கே சைக்கிள் ஓரடி நகர்ந்தது. ஹேண்டில் மட்டும் திரும்பவில்லை. கவரைப் பின்னால் மட்டும் போடுவதற்குக் காரணமே இதுதான். ஆளின் எடையில் நல்ல பங்கு பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. காற்று தள்ளினாலும் அந்தத் தள்ளல் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பாது.

லேசாகச் சாய்ந்து வரும் காற்றில் தட்டுக்கு லாபமும் அதிகம். பாய்மரம் மாதிரி கொஞ்சம் முன்னால் இழுக்கவும் செய்யும்.

வீடு திரும்பியதும் சராசரி வேகத்தைக் காட்டி "கவர்தான் அண்ணா!" என்றான். பக்கத்தில் ஒரு லாரி தாண்டினாலே மாறிவிடுகிற எண்ணை வைத்து நான் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்சக்கரம் பாதி காலுக்கும் ஃபிரேமுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. கிடைப்பது சில வாட்தான். செலவான பணத்துக்கு அது மலிவு, அவ்வளவே.

செப்டம்பர் 23

விதியையும் சொல்லி வைத்தேன். அயர்ன்மேன் மாதிரியான டிரையத்லானில் பின்சக்கரக் கவருக்குத் தடையில்லை. சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. விதிப்படி நடக்கும் பந்தயத்தில் இதே கவர் செல்லாது. சக்கரமே தட்டாகச் செய்யப்பட்டிருக்கலாம். கம்பிச் சக்கரத்தின் மேல் காற்றை ஏமாற்ற ஒன்றை ஒட்டக் கூடாது. 1984 ஜனவரியில் மெக்சிகோ சிட்டியில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் தட்டுச் சக்கரங்களில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த மாதம் வரை நின்ற சாதனை 1972-இல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் அதே ஊரில் போட்ட 49.431. அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு உலகம் தட்டுப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

அக்டோபர் 4

எதிர்பார்த்தது வந்தது. "முன்னாலயும் ஒண்ணு போட்டுடலாமா அண்ணா?"

போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூரைக்குள் ஓடும் டிராக்கில் பர்சூட் என்ற துரத்தல் பந்தயம் ஓட்டுபவர்கள் முன்னாலும் தட்டு போடுவார்கள். அங்கே பக்கக் காற்றே கிடையாது. திறந்த சாலையில் முன்தட்டு ஹேண்டிலைக் கையிலிருந்து பிடுங்கும். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் காற்றுக்குப் பயந்து பின்தட்டையே தடை செய்து வந்திருக்கிறார்கள். விதிப்புத்தகத்திலும் முன்கவருக்கு இடமில்லை. பேச்சு முடிந்தது.

அக்டோபர் 11

பஞ்சர் ஒத்திகை. தட்டு ரிமின் ஓரத்துக்கு முன்பே முடிவதால் டயர் வழக்கம்போலக் கழன்றது. டியூப் மாற்றி, துளைக்குள் விரல் விட்டு வால்வைப் பிடித்து மாட்டிவிட்டான். வியர்த்த கையால் பிரித்த டேப் மட்டும் திரும்ப ஒட்டவில்லை. அளவாக வெட்டிய புது டேப் துண்டுகளை ஃபிரேமின் அடியில் ஒட்டி வைத்துக்கொண்டான். கோண அடாப்டரைக் கருவிப் பைக்குள் போட வேண்டாம், சீட் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு என்றேன். பைக்குள் அதைத் துழாவும் நேரத்தில் கவர் மிச்சம் பிடித்துக் கொடுத்ததெல்லாம் போய்விடும்.