ஒரு மணி நாற்பது நிமிடம்

காலை எட்டு மணிக்கு ரீஸ்டார்ட் செய்தால் ஒன்பதே முக்காலுக்குள் போன் வந்துவிடும். "சார், ரிப்போர்ட் ஓப்பன் ஆகல, சுத்திக்கிட்டே இருக்கு." ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்காக நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த வெப் அப்ளிகேஷன் அது. அப்ளிகேஷன் தன் நடப்பை எழுதிவைக்கும் லாகைத் திறந்தால் வரிக்கு வரி ஒரே புலம்பல்: பூலில் கனெக்‌ஷன் காலி இல்லை, காத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்வோம், ஓடும். பதினொன்றரை வாக்கில் மறுபடி போன்.

அப்ளிகேஷனை எழுதிய டாட்நெட்டிலிருந்து, டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வருக்குப் போகும் கனெக்‌ஷன் பூலில், நாமாக எதையும் மாற்றாவிட்டால், உச்ச அளவு 100. திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்துத் திரும்பத் திரும்பத் தரும் இந்தப் பூல், எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடை மாதிரி. வண்டியை எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். கனெக்‌ஷனை 'க்ளோஸ்' செய்வது என்றால் வண்டியை உடைத்துப் போடுவதல்ல, கடையில் திரும்ப விடுவதுதான். நூறு வண்டியும் வெளியே போய்விட்டால் அடுத்து வருகிறவர் 15 விநாடி நின்று பார்த்துவிட்டு எரிச்சலோடு போவார். அந்த எரிச்சல்தான் லாகில் இருந்தது.

கூட்டம் அதிகமாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். பூலின் அளவை 200 ஆக்கினேன். அன்றைக்கு மதியம் வரை போன் இல்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி இருபது நிமிடம் ஓடியதும் நின்றது. சரி, மூன்று மணிக்கு ஒரு முறை தானாகவே ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று ஒரு ஷெட்யூல் போட்டு வைத்தோம். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விஷயம் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவரிடம் போனது. அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. டேட்டாபேஸில் திறந்திருக்கும் செஷன்களை, அதாவது இணைப்புகளை, ஒரு க்வெரி போட்டு எடுத்து, லாகின் ஆன நேரப்படி வரிசைப்படுத்தினார். 10:04, 10:05, 10:06, 10:07... ஏணிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போனது. அத்தனையும் தூங்கிக்கொண்டிருந்தன.

"தம்பி, கூட்டம்னா இப்படி வரிசையில வராது. நிமிஷத்துக்கு ஒண்ணு யாரோ எடுத்துட்டுப் போறாங்க, திருப்பித் தர மாட்டேங்கறாங்க. யாரு அது?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுவது எங்கள் அப்ளிகேஷனில் ஒன்றே ஒன்றுதான்: முடிந்த ரிப்போர்ட்களைத் தேடி எஸ்எம்எஸ் அனுப்பும் பின்னணி வேலை. அதை எழுதியவன் நான்.

எங்கள் கோடில் யாரும் கனெக்‌ஷனைத் தாங்களே உருவாக்குவதில்லை. டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் கன்டெய்னரிடம் (கோடுக்குத் தேவையானவற்றை உருவாக்கிக் கொடுக்கும் பகுதி) கேட்டால் அதுவே திறந்து கையில் கொடுக்கும். 'ஸ்கோப்டு' என்று பதிந்திருந்ததால் பயனரிடமிருந்து வரும் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு கனெக்‌ஷன். ரிக்வெஸ்ட் முடிந்ததும் கன்டெய்னரே அதை மூடிவிடும். பின்னணி வேலையோ சிங்கிள்டன். ரிக்வெஸ்ட் எதற்கும் உட்படாமல், அப்ளிகேஷன் உயிரோடு இருக்கும் வரை இருப்பது. அதற்குள்ளிருந்து கனெக்‌ஷன் கேட்டபோது என் லேப்டாப்பில் எர்ரர் வந்தது: ஸ்கோப்டு சர்வீஸை ரூட்டிலிருந்து எடுக்க முடியாது. (ஸ்கோப் என்பது கன்டெய்னர் கொடுத்தது உயிரோடு இருக்கும் எல்லை; ரூட், அப்ளிகேஷன் முழுவதற்குமான ஸ்கோப்.) இந்தச் சோதனை டெவலப்மென்ட் சூழலில்தான் தானாக நடக்கும், புரொடக்‌ஷனில் நடக்காது. எனக்கு நல்லது சொல்லத்தான் வந்தது அந்த எர்ரர். நான் என்ன செய்தேன்? 'ஸ்கோப்டு' என்ற சொல்லை 'டிரான்சியன்ட்' என்று மாற்றினேன். எர்ரர் போய்விட்டது. மாலை ஆறரை மணி, பஸ்ஸுக்கு நேரம் ஆகியிருந்தது.

டிரான்சியன்ட் என்றால் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று. அதோடு போனால் பரவாயில்லை. கன்டெய்னர் தான் உருவாக்கியதைத் தானே மூட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். எந்த ஸ்கோப்பிலிருந்து கேட்டோமோ அந்த ஸ்கோப் முடியும்போதுதான் மூடும். ரூட் ஸ்கோப் எப்போது முடியும்? அப்ளிகேஷன் நிற்கும்போது. கணக்கில் பெயர் இருப்பதால் பயன்படாததை நினைவகத்திலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டரும் தொடாது. நிமிடத்துக்கு ஒன்று, நூறு நிமிடத்தில் நூறு. பூலை இருமடங்காக்கியதும் நேரமும் இருமடங்கானதே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. ஒரே ரிக்வெஸ்ட்டில் பில்லும் ரிப்போர்ட்டும் ஒரே கனெக்‌ஷனைப் பகிர்ந்து ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதிக்கொண்டிருந்தன. என் மாற்றத்துக்குப் பிறகு ஆளுக்கொரு கனெக்‌ஷன். ஒன்று தோற்றால் மற்றதும் ரத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு சத்தமில்லாமல் உடைந்திருந்தது. ரிப்போர்ட் இல்லாத ஏழு பில்களை அப்புறம் கையால் சரிசெய்தோம்.

திருத்தம் நாலு வரிதான். பதிவை மறுபடி ஸ்கோப்டு ஆக்கினேன். பின்னணி வேலை ஒவ்வொரு நிமிடமும் தனக்கென ஒரு ஸ்கோப்பைத் திறந்து, அதிலிருந்து கனெக்‌ஷன் எடுத்து, வேலை முடிந்ததும் அந்த ஸ்கோப்பையே மூடும்படி மாற்றினேன். பூலின் அளவும் பழையபடி 100. மறுநாள் மூத்தவர் அதே க்வெரியை ஓட்டினார். பதினோரு செஷன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

அந்த மூன்று மணி நேர ரீஸ்டார்ட் ஷெட்யூலை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஓடுகிற வண்டியை எதற்குத் தொட வேண்டும் என்று ஆளாளுக்குத் தயங்கினோம். நாலு மாதம் கழித்து, சரியாக அந்த நேரத்தில் ரிப்போர்ட் இறக்க முயன்ற ஒருவர் புகார் செய்தபோதுதான் அது இன்னும் உயிரோடு இருப்பதே நினைவுக்கு வந்தது.