மீந்த சோற்றைச் சூடு பண்ணினால் போதுமா?

மத்தியானம் வடித்த சோறு எங்கள் வீட்டில் ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே இருக்கும், அதையே எலுமிச்சை பிழிந்து தாளித்துக் கிளறிவிடுவோம். "நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது" என்பார் அம்மா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். போன கோடையில் ஒரு ராத்திரி அதைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பேரும் மாற்றி மாற்றி வாந்தி எடுத்தோம். அப்புறம்தான் பேசில்லஸ் சீரியஸ் பற்றித் தேடிப் படித்தேன்.

மண்ணில் வாழும் பாக்டீரியா இது, நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசிப் பானை வரை வந்துவிடுகிறது. இரை தீர்ந்துபோனால் தன் உடலுக்குள்ளேயே ஒரு வித்தைக் கட்ட ஆரம்பிக்கிறது: டிஎன்ஏவின் ஒரு படியை உள்ளே வைத்து, உறைக்கு மேல் உறையாகப் போர்த்தி, நடுவிலிருக்கும் தண்ணீரில் பெரும்பங்கை வெளியேற்றி, அந்த இடத்தில் கால்சியத்தையும் டைபிகோலினிக் அமிலத்தையும் திணித்து வைக்கிறது. கடைசியில் தாய்ச் செல் கரைந்துபோகும், வித்து மட்டும் மிஞ்சும். பள்ளிப் பாடத்தில் அகவித்து என்று படித்தோமே, அதுதான்.

உலை கொதிக்கிற 100 டிகிரி இந்த வித்துகள் எல்லாவற்றையும் கொல்வதில்லை. சொல்லப்போனால் அந்தச் சூடே பல வித்துகளை முளைக்கத் தூண்டுகிறது! பானைச் சோறு மெதுவாக ஆறும் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி, சில வகைகள் சீருலைடு என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது 121 டிகிரியையும் தாங்கும். திரும்பச் சூடு பண்ணும்போது பாக்டீரியா செத்தாலும் நஞ்சு சோற்றிலேயே இருக்கும்.

இதே மாதிரி வித்துகள் 1877 வாக்கில் லண்டனில் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளரைப் படாதபாடு படுத்தியிருக்கின்றன. காய்ந்த புல்லை ஊறவைத்த நீரை மணிக்கணக்கில் கொதிக்கவைத்தும் சில நாளில் பாக்டீரியா பெருகிக் கலங்கிவிட்டது. அவர் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது: கொஞ்ச நேரம் கொதிக்கவைத்து அப்படியே விட்டுவிட வேண்டும், மிஞ்சிய வித்துகள் 'ஆபத்து போயிற்று' என்று முளைத்து உறையை இழந்து நிற்கும்போது மறுபடி கொதிக்கவைக்க வேண்டும், இப்படியே சில தடவை. முளைத்துவிட்ட பாக்டீரியாவுக்குக் கொதிநீரைத் தாங்கத் தெம்பு கிடையாது.

இப்போது சோறு மீந்தால் உடனே அகலத் தாம்பாளத்தில் பரப்பிவிடுகிறோம், ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் போய்விடும். அம்மாதான் இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.